மறப்பது ஹீரோவா, படம் பார்ப்பவரா?

கேள்வி இது: "'மெமென்டோ', 'ஷட்டர் ஐலண்ட்' இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுத் தலை சுற்றிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் எதுதான் உண்மை? இப்படியெல்லாம் நிஜத்தில் மறதி வருமா? 'கஜினி' பார்த்தபோது மட்டும் இந்தக் குழப்பம் ஏன் வரவில்லை? இந்த வகையில் இன்னும் என்ன பார்க்கலாம்?"

'கஜினி' பற்றிய கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான சாவியும் அங்கேதான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: முடிவுகளைச் சொல்லாமல் இந்த வகைப் படங்களைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. நீங்கள் பார்த்த இரண்டு படங்களின் முடிவையும், இன்னும் சில படங்களின் முடிவையும் சொல்லத்தான் போகிறேன். 'மும்பை போலீஸ்' முடிவை மட்டும் சொல்ல மாட்டேன். காரணம் கீழே வரும்.

2005-இல் வந்த முருகதாஸின் 'கஜினி'யில் சஞ்சய் ராமசாமிக்கு 15 நிமிடத்துக்கு மேல் எதுவும் மனதில் நிற்காது. உடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கிறான், கையில் போலராய்டு கேமரா. இதெல்லாம் 'மெமென்டோ'வில் பார்த்ததுதான், சந்தேகமே இல்லை. ஆனால் 'கஜினி'யில் மறப்பது சஞ்சய் மட்டும்தான். நமக்கு எதுவும் மறப்பதில்லை. அவனுடைய டைரியை முதலில் ஒரு போலீஸ் அதிகாரி படிக்கிறார், அப்புறம் மருத்துவ மாணவி சித்ரா படிக்கிறாள். அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று நாமும் படிக்கிறோம். கல்பனா யார், அவள் எப்படிச் செத்தாள், யார் கொன்றது என்பதெல்லாம் நமக்கு ஐயம் திரிபறத் தெரிந்துவிடுகிறது. மறதி என்பது ஹீரோ தாண்ட வேண்டிய ஒரு தடை, அவ்வளவுதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லையே என்ற தவிப்பில்தான் அந்தப் படத்தின் அழுகை இருக்கிறது. பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' கடைசியில் ரயில் நிலையத்தில் நம்மை உலுக்குவதும் இதே கணக்கில்தான். அங்கேயும் எல்லாம் நினைவிருப்பது நமக்கும் கமலுக்கும் மட்டும்தான். இவை மறதியைப் பற்றிய கதைகள். மறதியை நமக்கே ஏற்படுத்தும் படங்கள் வேறு ஜாதி.

கிறிஸ்டோபர் நோலன் 2000-இல் 'மெமென்டோ'வில் செய்தது அதைத்தான். வண்ணத்தில் வரும் காட்சிகள் பின்னோக்கி நகர்கின்றன, கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கிப் போகின்றன. இரண்டும் படத்தின் கடைசியில் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. ஒரு பிணத்தை எடுத்த போலராய்டு படம் மனைவியைக் கொன்றவனைத் தேடி அலையும் மறதிக்கார ஹீரோ லியோனார்டின் கையில் மெல்லத் தெளிந்து வரும்போது, கறுப்பு வெள்ளையாக இருந்த திரையும் அதோடு சேர்ந்து வண்ணமாகிறது. பலரும் இதைப் புத்திசாலித்தனமான விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதன் வேலை அதைவிடப் பெரியது. வண்ணக் காட்சி ஒவ்வொன்றும் தொடங்கும்போது, அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது என்று லியோனார்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒரு காட்சியில் அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். இன்னொருவனும் ஓடுகிறான். நாம் துரத்துகிறோமா, நம்மைத் துரத்துகிறார்களா என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த ஆள் துப்பாக்கியால் சுட்ட பிறகுதான் விடை கிடைக்கிறது. தியேட்டரே சிரிக்கும் இடம் அது. ஆனால் அந்த ஒரு நொடி நாமும் அதே நிலையில்தான் இருந்தோம்.

இதன் உச்சம், லியோனார்டு நம்பும் நாடலி என்ற பெண்ணின் வீட்டில் வரும் காட்சி. முகத்தில் அடிபட்டு, அழுதபடி நாடலி வீட்டுக்குள் வருகிறாள். டாட் என்பவன் அடித்தான் என்கிறாள். லியோனார்டு பதறுகிறான், நாமும் பரிதாபப்படுகிறோம். படம் அதற்கடுத்து, அதாவது காலத்தில் அதற்கு முன்னால், நடந்ததைக் காட்டுகிறது. நாடலி வீட்டில் இருக்கும் பேனாக்களை எல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். பிறகு அவனையும் அவன் செத்துப்போன மனைவியையும் கேவலமாகப் பேசுகிறாள். அவன் கை நீட்டிவிடுகிறான். அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொள்கிறாள். அவன் பேனா தேடி வீடெல்லாம் அலைகிறான், "மறக்காதே, மனதில் வை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே. அவள் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாகக் காத்திருக்கிறாள். பிறகு கார்க் கதவை அறைந்து சாத்துகிறாள். அந்தச் சத்தத்தில் அவன் பிடித்து வைத்திருந்தது கைநழுவிப் போய்விடுகிறது. அவள் மறுபடி அழுதபடி உள்ளே வருகிறாள்.

நேர்வரிசையில் சொல்லியிருந்தால் இது ஒரு சூழ்ச்சிக்காரியின் கதை. தலைகீழாகச் சொன்னதால், ஏமாந்தவர்கள் பட்டியலில் நம் பெயரும் சேர்ந்துவிடுகிறது.

இது மருத்துவத்தில் நடக்குமா என்று கேட்டீர்கள். அந்தக் கார்க் கதவு அப்படியே நடக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த ஹென்றி மோலைசன் என்பவருக்கு 27 வயதில், 1953-இல், வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரிய பங்கை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் புதிதாக எதையும் நினைவில் சேர்க்கும் திறன் போய்விட்டது. 2008-இல் இறக்கும் வரை மருத்துவ உலகத்துக்கு அவர் ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்துதான். அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு அறையை விட்டுப் போனார். 15 நிமிடம் கழித்துக் கேட்டபோது ஹெச்.எம். சரியாகச் சொன்னார். இலக்கங்களைக் கூட்டி, வகுத்து, விடாமல் மனதில் உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் எண் போய்விட்டது, எண் ஒன்றைச் சொன்னார்கள் என்பதும் சேர்ந்து போய்விட்டது. ஆக, இந்த நோயில் கடிகாரம் வைத்து அடிக்கிற 15 நிமிடக் கெடு எதுவும் கிடையாது. கவனம் எதுவரை நிற்கிறதோ அதுவரை நினைவு நிற்கும். இந்த விஷயத்தில் 'கஜினி'யைவிட 'மெமென்டோ' மருத்துவத்துக்கு நெருக்கம்.

'மெமென்டோ'வும் ஒரு இடத்தில் இந்த அறிவியலை வைத்து விளையாடுகிறது. இன்ஷூரன்ஸ் விசாரணை அதிகாரியாக இருந்த காலத்தில் சாமி ஜான்கிஸ் என்ற மறதி நோயாளியைச் சோதித்த கதையை லியோனார்டு சொல்கிறான். மேஜை மேல் சில பொருட்கள். குறிப்பிட்ட சிலவற்றைத் தொட்டால் ஷாக் அடிக்கும். மூளை பாதிக்கப்பட்டவருக்கும் பழக்கத்தால் கை தானே ஒதுங்க வேண்டும் என்பது கணக்கு. சாமி ஒவ்வொரு முறையும் ஷாக் வாங்குகிறான். ஆகவே இது உடல் கோளாறு அல்ல, மனக் கோளாறு என்று சொல்லிப் பணத்தை மறுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்குக்கு நிஜத்தில் ஆதாரம் இருக்கிறது. சுவிட்சர்லாந்து மருத்துவர் கிளாபரேட் தன் உள்ளங்கையில் ஊசியை மறைத்துக்கொண்டு ஒரு மறதி நோயாளிப் பெண்ணிடம் கை குலுக்கினார். 1911-இல் அவர் எழுதியது இது. அடுத்த முறை அந்தப் பெண்ணுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. ஆனாலும் கை கொடுக்க மறுத்துவிட்டாள். ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஹெச்.எம்.மும் அப்படித்தான். கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரத்தின் கோட்டை ஒட்டி வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், ஒவ்வொரு நாளும் அது தனக்கு முதல் முறை என்றே நினைத்தார்.

தலையில் அடிபட்டுப் பெயர், ஊர், தாய் தகப்பன் எல்லாம் மறந்து, இன்னொரு அடியில் எல்லாம் திரும்பி வருவது மட்டும் சினிமாவுக்கே உரிய நோய். அடிபட்ட மூளை முதலில் இழப்பது அண்மை நினைவுகளைத்தான். பெயரும் பால்யமும் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். தமிழில் இதைச் சரியாகக் காட்டிய படம் எது என்றால், த்ரில்லர்களை எல்லாம் தள்ளிவிட்டு ஒரு காமெடியைத்தான் சொல்வேன். 2012-இல் பாலாஜி தரணிதரன் எடுத்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கப் போய் விழுந்தவனுக்குச் சமீபத்திய ஒரு வருடம் மட்டும் காணாமல் போகிறது, காதலியும் அந்த வருடத்தோடு போய்விடுகிறாள். ஆனால் நண்பர்களைத் தெரிகிறது, அம்மாவைத் தெரிகிறது. என்ன ஆச்சு என்று கேட்டு, பதில் கேட்டு, திருப்தியாகி, மறுபடி அதே தொனியில் அதே கேள்வியைக் கேட்பான் பாருங்கள், மண்டையில் அடிபட்டவர்களோடு மருத்துவமனையில் ஓர் இரவு இருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கே நேர்ந்த சம்பவம் என்பதால் அந்தத் துல்லியம். '96' இயக்கிய அதே பிரேம்குமார்தான்.

சரி, 'மெமென்டோ'வில் எது உண்மை? லியோனார்டுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு கூடவே சுற்றும் போலீஸ்காரன் டெடி கடைசியில் சொல்வதன் சாரம் இதுதான்: உன் மனைவி அந்தத் தாக்குதலில் சாகவில்லை. சாமி ஜான்கிஸின் கதை உன்னுடைய கதை. போட்டதை மறந்து மறந்து, மனைவிக்கு மேலும் மேலும் இன்சுலின் ஊசி போட்டுக் கொன்றது சாமி அல்ல, நீதான். படம் இதை ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. ஆனால் இரண்டு இடங்களில் வாயைத் திறக்கிறது. சாமி காப்பகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காட்சியில் ஒருவர் குறுக்கே நடந்து போகிறார். அவர் கடந்ததும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அந்த நாற்காலியில் லியோனார்டு இருக்கிறான். இன்னொன்று, மனைவியின் தொடையை அவன் விளையாட்டாகக் கிள்ளும் நினைவு. டெடி பேசும்போது அதே நினைவில் விரலுக்குப் பதில் ஊசி வருகிறது. அவன் கண்ணை மூடி, அப்படி இல்லை என்று முடிவெடுக்கிறான். நினைவு மறுபடி கிள்ளலாக மாறுகிறது.

என் தீர்ப்பு: டெடி சொல்வதில் பெரும்பகுதி நிஜம். ஆனால் அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் லியோனார்டு தெரிந்தே ஒரு பொய்யை எழுதிவைக்கிறான் என்பது. டெடியின் போட்டோ பின்னால் இவனை நம்பாதே என்று எழுதி, அவனுடைய கார் எண்ணைக் கொலைகாரனின் அடையாளமாகக் குறித்துக்கொள்கிறான். இன்னும் சில நிமிடத்தில் மறந்துவிடுவோம், அப்போது இது நமக்கு ஆதாரமாகத் தெரியும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மறதி அவனுக்கு நோய் என்பதோடு ஆயுதமும் ஆகிறது.

அந்தக் கிள்ளல் ஊசியாக மாறுவது சினிமா மிகை என்று நினைத்தால், எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துண்டுகளைக் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் "மோதியபோது" வேகம் என்ன என்று கேட்டார்கள். வேறு சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்று கேட்டார்கள். நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, நொறுங்கியதைக் கேட்ட 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். மோதியதை மட்டும் கேட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடித் துண்டே கிடையாது. இத்தனைக்கும் அவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை.

'ஷட்டர் ஐலண்ட்' விஷயத்தில் எனக்குக் குழப்பமே கிடையாது. டெனிஸ் லெஹேனின் நாவலை வைத்து ஸ்கார்செஸி 2010-இல் எடுத்த அந்தப் படத்தில், டெடி டேனியல்ஸ் (இவன் வேறு டெடி) என்ற போலீஸ்காரனே கிடையாது. அவன் ஆண்ட்ரூ லேடிஸ் என்ற நோயாளி. மருத்துவமனையே அவனுக்காக ஒரு நாடகம் போடுகிறது. இல்லை, உண்மையில் அவனைச் சதி செய்து பைத்தியமாக்கினார்கள் என்று வாதிடுபவர்கள் படத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். தீவின் வாசலில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும்போது டெடி சட்டென்று கழற்றிக் கொடுக்கிறான். கூட வந்த சக் தன் துப்பாக்கி உறையைக் கழற்றத் தெரியாமல் தடுமாறுகிறான். எந்த போலீஸ்காரன் அப்படித் தடுமாறுவான்? அவன் போலீஸ் வேஷம் போட்ட டாக்டர். காவலாளிகள் எல்லாரும் ஏன் டெடியையே முறைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார்கள் என்பதும் இரண்டாம் முறை பார்க்கும்போது புரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் டம்ளர். டெடி விசாரிக்கும் ஒரு பெண் நோயாளி தண்ணீர் கேட்கிறாள். சக் எழுந்துபோய்க் கொண்டுவருகிறான். அவள் குடிக்கும் ஷாட்டில் கையில் டம்ளர் இல்லை. வெறும் கையை உயர்த்தி வாயில் ஊற்றிக்கொள்கிறாள். அடுத்த ஷாட்டில் டம்ளர் மேஜையில் இருக்கிறது. தெல்மா ஸ்கூன்மேக்கர் மாதிரியான எடிட்டரிடம் இது கைத்தவறாக நடக்காது. மனைவி குழந்தைகளை ஏரியில் மூழ்கடித்த உண்மையை ஏற்க முடியாதவனின் கண் தண்ணீரைப் பார்க்க மறுக்கிறது. பெரும்பாலானோர் முதல் முறை இதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்ற உறுத்தல் மட்டும் தங்கிவிடும்.

இந்த வகைப் படங்களை நான் தரம் பிரிப்பது இந்த நேர்மையை வைத்துத்தான். முடிவு தெரிந்த பிறகு முதல் காட்சியில் இருந்து மறுபடி பார்த்தால் படம் நிற்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாம் கனவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் படங்கள் அந்தச் சோதனையில் பொத்தென்று விழுந்துவிடும். கனவைக் காட்டுவதில் தப்பில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். டேவிட் லிஞ்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிவி தொடரின் முதல் பகுதியாக எடுக்கப்பட்டு, ஏபிசி நிறுவனம் வேண்டாம் என்று ஒதுக்கிய பிறகு, பிரெஞ்சுப் பணத்தில் 2001-இல் முழுப் படமானது. விபத்தில் எல்லாம் மறந்த பெண் சுவரில் இருக்கும் பட போஸ்டரைப் பார்த்து ரீட்டா என்று தனக்குப் பெயர் வைத்துக்கொள்கிறாள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இதுவரை பார்த்தது இன்னொருத்தியின் கனவு என்று தெரிகிறது. ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல முடியாது. டைட்டில் வருவதற்கு முன்பே கேமரா, மூச்சு வாங்கும் சத்தத்தோடு, ஒரு தலையணைக்குள் முகம் புதைப்பதைக் காட்டிவிட்டார். நாம்தான் மறந்துவிட்டோம்.

இந்தத் தந்திரம் பழசு. 1920-இல் ஜெர்மனியில் வந்த 'டாக்டர் காலிகாரியின் அறை' என்ற மௌனப் படத்திலேயே, கதை சொன்னவன் மனநலக் காப்பகத்தில் இருப்பவன் என்று கடைசியில் தெரியும். கோணல்மாணலாக வரைந்த வீடுகளும் தெருக்களும் அவன் மனசு. சடோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் ப்ளூ' 1997-இல் வந்த ஜப்பானிய அனிமேஷன். படப்பிடிப்பு, நிஜம், கனவு மூன்றுக்கும் நடுவே வெட்டு எங்கே விழுந்தது என்றே தெரியாது. அனிமேஷன் என்பதால் குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள், கடுமையான படம்.

ஆனால் மறதியைப் பார்ப்பவர் தலைக்குள் இறக்கிய படங்களில் என்னைப் பொறுத்தவரை முதலிடம் த்ரில்லர் என்றே யாரும் சொல்லாத ஒன்றுக்கு. ஃப்ளோரியான் செலர் தன் நாடகத்தையே படமாக்கிய 'தி ஃபாதர்', 2020. ஆன்டனி ஹாப்கின்ஸ் ஆஸ்கர் வாங்கிய படம். முதுமை மறதியால் பாதிக்கப்பட்ட ஒருவர் லண்டனில் தன் வீட்டில் இருக்கிறார். வீடு மெல்ல மாறுகிறது. சமையலறை வேறு மாதிரி இருக்கிறது, சுவரில் மாட்டியிருந்த ஓவியம் காணோம், கதவுகள் மட்டும் அதே இடத்தில். மகளாக ஒலிவியா கோல்மன் நடிக்கிறார். திடீரென்று ஒலிவியா வில்லியம்ஸ் உள்ளே வந்து நான்தான் உன் மகள் என்கிறார். இது யார் என்று அவர் திகைக்கும்போது நமக்கும் விடை தெரியாது.

ஒரு இரவுச் சாப்பாட்டுக் காட்சி இருக்கிறது. இவரை ஹோமில் விடுவது பற்றி மகளும் மருமகனும் பேசிக்கொண்டிருப்பது வாசலில் நிற்கும் அவர் காதில் விழுகிறது. உள்ளே வருகிறார், உட்கார்கிறார், சாப்பாடு நடக்கிறது. இன்னும் கொஞ்சம் கோழி எடுக்க எழுந்து போய்த் திரும்புகிறார். வாசலில் நின்றால், அதே பேச்சு, அதே வார்த்தைகள். இப்போதுதான் உள்ளே வரப்போகிறார். எந்த மந்திரமும் இல்லை, விளக்கமும் இல்லை. பாட்டியோ தாத்தாவோ இப்படி இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள், அவர்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள் என்று யோசிப்பார்கள்.

அடுத்து எதைப் பார்ப்பது? முதலில் 'மும்பை போலீஸ்'. 2013-இல் ரோஷன் ஆண்ட்ரூஸ் இயக்கிய மலையாளப் படம். நண்பனைக் கொன்றவனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று போனில் சொன்ன போலீஸ் அதிகாரி, பெயரைச் சொல்வதற்குள் விபத்தில் சிக்கி நினைவை இழக்கிறார். மேலதிகாரி அதை மறைத்து, அவரையே மறுபடி அந்த வழக்கை விசாரிக்கச் சொல்கிறார். பிருத்விராஜ், தான் எப்படிப்பட்ட ஆள் என்பதையே ஊரார் முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் காட்சிகள் அருமை. மருத்துவம் கொஞ்சம் இடிக்கும், விட்டுவிடுங்கள். இதன் முடிவை யாரும் சொல்வதற்குள் பார்த்துவிடுங்கள், பத்து வருடம் கழித்தும் சண்டை போடுகிறார்கள். அப்புறம் 'தி ஃபாதர்', அதற்குப் பின் 'மல்ஹாலண்ட் டிரைவ்'. 'ஷட்டர் ஐலண்ட்' படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது டெடியை விட்டுவிட்டுச் சக்கின் முகத்தை மட்டும் கவனியுங்கள். மார்க் ரஃபலோ இரண்டு வேஷத்தை ஒரே நேரத்தில் போட்டிருக்கிறார்.

'மெமென்டோ'வை நேர்வரிசையில் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அதன் சிறப்புப் பதிப்பு டிவிடியில் அப்படி ஒரு வடிவத்தைப் புதிர் போட்டு ஒளித்தே வைத்திருந்தார்கள். கதை புரியாதவர்களுக்கு உதவும். ஆனால் அதில் டெடியின் போட்டோவில் பொய்யை எழுதும் காட்சி முன்னாலேயே வந்துவிடும், நாடலி பேனா பொறுக்குவதும் நமக்கு முதலிலேயே தெரியும். பிறகு படம் முழுக்க ஒரு பாவப்பட்ட மனிதனை ஆளாளுக்கு ஏமாற்றுவதை உச்சுக்கொட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம், 'கஜினி' பார்த்த மாதிரி.